கதவுக்குக் கீழே ஒரு பள்ளிக்கூடம்

விக்னராஜா ஒரு சப்பாத்தைத்தான் கழற்றியிருந்தார். மற்றதைக் கழற்றுவதற்குள் வாசல் கதவை யாரோ தட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை. செவன் ஹில்ஸ் பல்ப் தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் பெட்டி அடுக்கிவிட்டு, ரயிலில் நின்றபடியே வென்ட்வேர்த்வில் வந்து, ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு நடந்து வந்த அலுப்பு அவருக்கு. ஒற்றைச் சப்பாத்தோடு நொண்டிக்கொண்டே போய்க் கதவைத் திறந்தார்.

வெளியே நின்றவருக்கு ஐம்பது வயதிருக்கும். அரைக்கைச் சட்டை, டை, கையில் ஒரு தோல் பை. தன் பெயர் டாய்ல் என்றார். பள்ளிக்கு வராத பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய் விசாரிப்பது தன் வேலை என்றார். குரலில் கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் விக்னராஜாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"உங்கள் மகள் சத்தியபாமா பதினான்கு பள்ளி நாளாக வரவில்லை. சுகமில்லையா?"

கேள்வி அவ்வளவுதான். பதிலும் சின்னதுதான். பாமா பெரியபிள்ளையாகியிருந்தாள்.

பள்ளியில் மூன்றாந்தவணை தொடங்கிய இரண்டாம் நாள் அது நடந்தது. யாழ்ப்பாணத்து வழக்கப்படி தலைக்குத் தண்ணீர் வார்த்துச் சடங்கு செய்யும் நாள்வரை பிள்ளை வெளியே போகக்கூடாது. ஆண்கள் முகத்தில் விழிக்கக்கூடாது, பெற்ற தகப்பனாக இருந்தாலும்தான். தண்ணீர் வார்க்க நல்ல நாள் வேண்டும், தாய்மாமன் வேண்டும். நல்ல நாள் கேட்டு யோகராணி ஊருக்குக் கடிதம் போட்டாள். பதில் வந்து சேர்ந்தபோது, அதில் குறித்திருந்த நல்ல நாள் போய் நான்கு நாளாகியிருந்தது. பிறகு தந்தி அடித்து வேறு நாள் கேட்டார்கள். அந்த நாளுக்கு மெல்பேர்ணில் டாக்டராக இருக்கும் யோகராணியின் தம்பி சிறிதரனுக்கு லீவு கிடைக்கவில்லை. அதற்கடுத்த நாள் ஒன்பதாந் தேதி ஞாயிற்றுக்கிழமை. அது இன்னும் ஒன்பது நாள் தள்ளி இருந்தது.

இதையெல்லாம் வாசலில் நிற்கும் வெள்ளைக்காரரிடம் எப்படிச் சொல்வது? விக்னராஜா கணிதப் பட்டதாரி. பதினான்கு வருடம் ஊரில் கல்லூரி என்று பெயர்கொண்ட ஒரு பள்ளியில் படிப்பித்தவர். ஆங்கிலத்துக்குக் குறைவில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லை ஆங்கிலத்தில் நினைத்துப் பார்த்ததுமே காது சுட்டது. தமிழில் என்றால் அதைக் கார்ட் அடித்து ஊருக்கெல்லாம் கொடுப்பார்கள், ஒலிபெருக்கி கட்டுவார்கள். ஆங்கிலத்தில் அது ஏதோ மருந்துக்கடைக்காரனிடம் காதோடு சொல்கிற விஷயம்போல் இருந்தது.

சுகமில்லை என்றால் டாக்டர் துண்டு கேட்பார்கள். துண்டு இல்லை.

"நான் வீட்டில் படிப்பிக்கிறேன்," என்றார் விக்னராஜா. "நான் ஒரு ஆசிரியர்."

தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டுத் திடுக்கிட்டார்.

டாய்லின் முகம் மலர்ந்தது. "அப்படியா! அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதே. முதலில் எழுதிக் கேட்டிருக்கவேண்டும், அதுதான் குறை." தோல் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். ஆறு வயதிலிருந்து பதினைந்து வயதுவரை பிள்ளை பள்ளிக்குப் போகவேண்டும். போகாவிட்டால் வீட்டில் ஒழுங்காகப் படிப்பதாக கல்வி இலாகாவின் இன்ஸ்பெக்டர் ஒருவர் பார்த்துத் திருப்திப்படவேண்டும். நேரசூசி, பாடக்குறிப்பு, பிள்ளை எழுதிய கொப்பிகள், படிக்கும் இடம் எல்லாம் காட்டவேண்டும். திருப்தி இல்லையென்றால் தகப்பன் கோர்ட்டுக்கு வரவேண்டியிருக்கும். டாய்ல் இதையெல்லாம் பஸ் நேரம் சொல்வதுபோல் சொன்னார்.

"ஆசிரியர் என்றால் எந்தப் பள்ளியில்?"

"இன்னும் இல்லை. உங்கள் இலாகாவுக்குத்தான் விண்ணப்பித்திருக்கிறேன். நேர்முகம் முடிந்தது. பதிலுக்குக் காத்திருக்கிறேன்."

"நல்லதாகப் போயிற்று," என்றார் டாய்ல். "இன்ஸ்பெக்டர் எழுதுவது நேரே உங்கள் கோப்பிலேயே போய்ச் சேரும். வியாழக்கிழமை நான்கரைக்கு வருவார்கள்."

அவர் போன பிறகும் விக்னராஜா வாசலிலேயே நின்றார். மூன்று வருடமாகப் பல்ப் பெட்டி அடுக்கிக்கொண்டே, ஒவ்வொரு பத்திரமாக மொழிபெயர்த்து, முத்திரை குத்தி, அனுப்பி, திருப்பி அனுப்பி, இப்போதுதான் ஒரு வகுப்பறைக் கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. அந்தக் கோப்புக்குள் இந்தப் பொய்யும் போகப்போகிறது.

குசினியிலிருந்து யோகராணி வந்தாள். கையில் நல்லெண்ணெய்ப் போத்தல்.

"ஆரப்பா வந்தது?"

சொன்னார்.

"ஐயோ! வீட்டிலை படிப்பிக்கிறன் எண்டு சொன்னனீங்களோ? பிள்ளையின்ரை முகத்தை நீங்கள் பதினெட்டு நாளாப் பாக்கேல்லை!"

"வேறை என்னத்தைச் சொல்லச் சொல்லுறீர்?"

"உள்ளதைச் சொல்லுறது."

"அவருக்கோ? ஒரு ஆம்பிளைக்கோ? நீர் வந்து சொல்லியிருக்கலாமே."

யோகராணி போத்தல் மூடியை இறுக்கித் திருகினாள். தனக்கும் அது முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

---

ஊரில் கல்லூரிகளைப் பார்வையிட வருபவரை வித்தியாதரிசி என்பார்கள். அவர் வருகிறார் என்று செய்தி வந்தால் ஆசிரியர் அறையில் ஊசி விழுந்தாலும் கேட்கும். எல்லாரும் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருப்பார்கள். ஒரு தவணை முழுக்க எழுதாத பாடக்குறிப்பை ஒரே நாளில் எழுதி முடிப்பது ஒரு தனிக் கலை. அந்தக் கலையில் விக்னராஜா தேர்ந்தவர். ஒரு விஷயம் மட்டும் வித்தியாசம்: அங்கே பாடம் உண்மையாகவே நடந்திருக்கும், குறிப்புத்தான் பிந்தும்.

சனிக்கிழமை காலை கடையில் மூன்று நிறப் பேனாவும் ஆறு கொப்பியும் வாங்கி வந்தார். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். நேரசூசி போட்டார். மாலை நான்கரையிலிருந்து எட்டரைவரை, சனிக்கிழமை காலை விசேட வகுப்பு. ஆங்கிலம், கணிதம், பூமிசாத்திரம், விஞ்ஞானம். பேனாவை மாற்றி மாற்றி எழுதினார். ஒரு நாளைக்கு நீலம், ஒரு நாளைக்குக் கறுப்பு. இரண்டு பக்கத்தில் தேநீர்க் கோப்பையின் வட்டம் படியவைத்தார். பழையதாகத் தெரியவேண்டுமே.

பிள்ளையின் கொப்பிகள் பிள்ளைதான் எழுதவேண்டும். பின்னறைக் கதவு பூட்டியிருந்தது. கதவுக்கும் தரைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. அதனூடாக ஒரு தாளையும் ஒரு கொப்பியையும் தள்ளினார்.

"பாமா, உதிலை இருக்கிற கணக்கை ஒரு கொப்பியிலை செய், மோனை. மேலை திகதி போடு. செவ்வாய், பதினெட்டு நாளைக்கு முந்தினது."

உள்ளே கொப்பி விரியும் சத்தம் கேட்டது.

"அண்டைக்கு நான் வயித்துக்குத்தோடை படுத்திருந்தனான் அப்பா."

"பரவாயில்லை. போடு."

"வொய்?"

"சொன்னதைச் செய், பிள்ளை."

கொப்பி திரும்பி வந்தது. பத்துக்குப் பத்தும் சரி. விக்னராஜா உதட்டைக் கடித்தார். கதவோடு குனிந்து, குரலைத் தணித்தார்.

"கொஞ்சம் பிழையும் விடு. ஒவ்வொரு பக்கத்திலையும் ரெண்டு மூண்டு."

"வேணுமெண்டோ?"

"ஓம். நான் சிவப்பு மையாலை திருத்தவேணுமெல்லே."

இந்தத் தடவை உள்ளேயிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அவளுக்கு அது விளையாட்டாக இருந்தது. பதினெட்டு நாளாக ஒரு அறைக்குள் கத்தரிக்காய்ப் பாற்கறியும் முட்டையும் உழுத்தங்களியும் சாப்பிட்டுக்கொண்டு, திரை இழுத்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்த பிள்ளை. தகப்பன் கதவடியில் வந்து உட்கார்ந்து கதைப்பதே அவளுக்குப் பெரிய காரியம்.

"எப்பிடிப் பிழை விட? பேய்ப்பிழையோ, கெட்டித்தனமான பிழையோ?"

"கெட்டித்தனமான பிழை," என்றார் விக்னராஜா.  பதினான்கு வருடத்தில் எத்தனை பிள்ளைகளிடம் பிழை விடாதே என்று சொல்லியிருப்பார்? பிழை விடு என்று கேட்டது இதுதான் முதல் தடவை. அதுவும் சொந்தப் பிள்ளையிடம்.

திங்கட்கிழமை பொது விடுமுறை. அன்றும் தாள்கள் கதவுக்குக் கீழே போயின, வந்தன. இவர் ஒரு பக்கம் தரையில், அவள் மறுபக்கம் தரையில். பாமா கேள்வி கேட்கத் தொடங்கினாள்.

"அப்பா, குறிப்பிலை சனிக்கிழமை விசேட வகுப்பு, ஆத்தங்கரை எண்டு போட்டிருக்கிறியள். அது என்ன?"

"அது… ஆத்தின்ரை அகலத்தை மற்றக் கரைக்குப் போகாமல் அளக்கிறது. இயல்பொத்த முக்கோணி. ரெண்டு தடி நட்டு அளக்கலாம். வெறும் பேச்சுக்குத்தான் எழுதினனான்."

"உண்மையா அளக்கலாமோ? பரமட்டா ஆத்தையோ?"

"ஓம், அளக்கலாம். இப்ப நேரமில்லை மோனை, நீ அடுத்த நாள் ஆங்கிலத்தை எழுது."

அன்று பின்னேரம் மெல்பேர்ணிலிருந்து சிறிதரனின் போன் வந்தது. சனிக்கிழமை ரயிலில் வருவதாகச் சொன்னான். விஷயத்தைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தான்.

"உள்ளதைச் சொன்னா என்ன அத்தான்? நாங்கள் ஆஸ்பத்திரியிலை நாள் முழுக்க உதைப் பற்றித்தானே கதைக்கிறம்."

"நீர் டொக்டர். நான் வாத்தி."

"வாத்திமாருக்குப் பொம்பிளைப் பிள்ளையள் இல்லையோ?"

விக்னராஜா லைன் சரியில்லை என்று சொல்லி போனை வைத்தார்.

---

வியாழக்கிழமை நான்கரைக்கு வந்த இன்ஸ்பெக்டர் ஒரு பெண். மிஸ் ஹார்கிரீவ். நரைத்த குட்டை முடி, தட்டைச் சப்பாத்து, கழுத்தில் சங்கிலியோடு தொங்கும் கண்ணாடி. பெண் என்று கண்டதும் விக்னராஜாவுக்கு முதலில் ஆறுதல் வந்தது. அடுத்த கணம் அது போய்விட்டது. பெண்ணிடம் பொய் சொல்வது இன்னும் கஷ்டம் என்று தோன்றிற்று.

"பிள்ளை எங்கே?"

இதைப் பற்றி யோகராணியோடு இரண்டு நாள் சண்டை நடந்து முடிந்திருந்தது. பிள்ளையை வெளியே விடமாட்டேன் என்று நின்றவள், கோர்ட் என்ற சொல்லைக் கேட்டபிறகு இறங்கி வந்தாள். பின்னறைக் கதவு திறந்தது. பாமா வந்தாள்.

இருபத்திநான்கு நாளுக்குப் பிறகு விக்னராஜா மகளின் முகத்தைப் பார்த்தார். கன்னம் கொஞ்சம் உருண்டிருந்தது. எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய தலை. யோகராணி அவளுக்கு நீளப் பாவாடையும் சட்டையும் உடுத்திவிட்டிருந்தாள். பாமா தகப்பனைப் பார்த்துச் சிரித்தாள். அவர் திரும்பிச் சிரிக்க நினைத்து, மிஸ் ஹார்கிரீவின் கண் தன்மேல் இருப்பதைக் கண்டு, தினமும் பார்க்கும் பிள்ளையைப் பார்ப்பதுபோல் தலையை மட்டும் ஆட்டினார்.

"படிக்கும் இடத்தைப் பார்க்கலாமா?"

பின்னறையில் தரையில் பாய். அதன் பக்கத்தில் தனித் தட்டு, தனிக் கோப்பை. தலைமாட்டில் ஒரு இரும்புத் துண்டு, அது பேய் பிசாசு அண்டாமலிருக்க. யோகராணி ஒரு மேசையை உள்ளே இழுத்துப் போட்டு, கதிரை வைத்து, அகராதியையும் அதன்மேல் வைத்திருந்தாள். அறை முழுக்க நல்லெண்ணெய் மணம். மிஸ் ஹார்கிரீவ் பாயைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார்.

"படிக்கும்போது திரையை விலக்கிவிட்டால் வெளிச்சம் நன்றாக வரும்," என்று மட்டும் சொன்னார்.

பிறகு முன்னறையில் உட்கார்ந்து கொப்பிகளைப் பார்த்தார். ஒரு பக்கம்கூடத் தவறவிடவில்லை.  விக்னராஜா தன் விரல் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நகத்துக்கடியில் சிவப்பு மை.

கடைசியில் மிஸ் ஹார்கிரீவ் கண்ணாடியைக் கழற்றினார்.

"மிஸ்டர் விக்னராஜா, பன்னிரண்டு வருடமாக நான் இந்த வேலை பார்க்கிறேன். வீட்டில் படிப்பிக்கிறேன் என்று சொல்பவர்கள் எனக்கு இரண்டு கணக்கையும் ஒரு படத்தையும் காட்டுவார்கள். இப்படி ஒரு பாடக்குறிப்பை எங்கள் பள்ளிகளிலேயே நான் பார்த்ததில்லை. பிள்ளை எங்கே பிழை விடுகிறாள், ஏன் விடுகிறாள் என்று எவ்வளவு நுட்பமாகக் கவனித்திருக்கிறீர்கள்!"

குசினி வாசலில் நின்ற யோகராணிக்கு அவ்வளவும் விளங்கவில்லை. ஆனால் குரல் விளங்கியது. பெருமூச்சு விட்டாள்.

"உங்கள் விண்ணப்பம் எங்கள் இலாகாவில் இருப்பதாக டாய்ல் சொன்னார், எடுத்துப் பார்த்தேன். இந்தக் கொப்பியை நான் கொண்டுபோகலாமா? விண்ணப்பத்தைப் பார்ப்பவர்களுக்கு இதைக் காட்டவேண்டும். உங்களைப்போன்ற ஒருவர் பெட்டி அடுக்கக்கூடாது."

கேட்கக் காத்திருந்த சொல் அது. மூன்று வருடமாகக் காத்திருந்தது.  சரி என்று தலையாட்டினால் முடிந்தது. ஆட்டினார்.

மிஸ் ஹார்கிரீவ் பாமாவின் பக்கம் திரும்பினார். "இவ்வளவு பாடத்தில் உனக்கு எது பிடித்தது?"

இதற்குப் பதில் தயார்பண்ணவில்லை. விக்னராஜா பயந்தார். பாமா பயப்படவில்லை. ஒரு விநாடி யோசித்தாள். பிறகு கடகடவென்று ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினாள்.

"ஆற்றங்கரைப் பாடம், மிஸ். ஒரு சனிக்கிழமை அப்பா என்னைப் பரமட்டா ஆற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மற்றக் கரைக்குப் போகாமல் ஆற்றை அளந்தோம். மறுகரையில் ஒரு மரத்தைப் பார்த்துக்கொண்டு இந்தப் பக்கம் தடி நட்டோம். நான் தடியைப் பிடித்துக்கொண்டு பின்னுக்கு நடந்தபோது சேற்றில் கால் வைத்துவிட்டேன். சப்பாத்து முழுக்க ஈரம். அம்மா ஏசுவாள் என்று நான் அழுதேன். அப்பா சிரித்தார். தன் சப்பாத்தையும் சேற்றில் வைத்து, 'இப்போது இரண்டு பேருக்கும் ஏச்சு' என்றார். பிறகு ஒரு மர வாங்கில் உட்கார்ந்து கணக்கைச் செய்தோம். சரியாக வந்தது."

அவள் முகம் ஒளியாக இருந்தது. கண்ணில் ஆறு தெரிந்தது, மரம் தெரிந்தது. ஒரு தடுமாற்றம் இல்லை. மிஸ் ஹார்கிரீவ் சிரித்துக்கொண்டே குறிப்பெடுத்தார்.

விக்னராஜா சிரிக்கவில்லை. குறிப்பில் போட்டிருந்த அந்தச் சனிக்கிழமை அவர் தொழிற்சாலையில் ஓவர்டைம் செய்தார். சேற்றில் சப்பாத்தை வைத்த அந்தத் தகப்பனை அவருக்குத் தெரியாது. இருட்டறையில் கிடந்து பிள்ளை அவனை உண்டாக்கியிருக்கிறாள். தன் தகப்பனுக்காக, தகப்பன் முன்னாலேயே, ஒரு மூத்த பெண்மணியின் கண்ணைப் பார்த்து, இத்தனை அழகாகப் பொய் சொல்கிறாள். அதோடு தகப்பனின் முகத்தைத் திரும்பிப் பார்த்து, சரிதானே என்று கண்ணாலேயே கேட்கவும் செய்கிறாள். கதவுக்குக் கீழே அவர் படிப்பித்த ஒரே பாடத்தில் அவளுக்கு நூற்றுக்கு நூறு.

"மிஸ்," என்றார்.  கையை நீட்டினார். "மிஸ், கொப்பியைத் தாருங்கள்."

"மன்னிக்கவும்?"

"அது பொய். எல்லாம் போன மூன்று நாள் விடுமுறையில் எழுதினது. நான் இவளுக்கு ஒரு பாடமும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆற்றுக்கும் போகவில்லை. பிழைகளையும் நான்தான் விடச் சொன்னேன்."

பாமா தலையைக் குனிந்துகொண்டாள். குசினி வாசலில் யோகராணி, "என்னப்பா சொல்லுறியள்?" என்றாள் மெல்ல. மிஸ் ஹார்கிரீவ் தான் எழுதிக்கொண்டிருந்த வரியைப் பாதியில் நிறுத்திப் பேனாவை மூடினார். அந்தச் சின்னச் சத்தத்தில் விக்னராஜா கூசிப்போனார்.

"ஏன்?" என்றார் அவர். "பிள்ளையை எதற்காக வீட்டில் வைத்திருந்தீர்கள்?"

விக்னராஜா வாயைத் திறந்தார். மூடினார்.  இவ்வளவு சொன்ன மனிதனுக்கு அந்த ஒன்று மட்டும் இன்னும் வரவில்லை.

யோகராணி முன்னே வந்தாள். சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள்.

"மிஸ், மகள் பெரிய பெண். இப்போது. எங்கள் வழக்கம். தண்ணி வார்க்கிற நாள் மட்டும் வீடு. ஞாயிறு, தண்ணி."

மிஸ் ஹார்கிரீவ் பின்னறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பாய், தட்டு, இழுத்த திரை.

"இவ்வளவுதானா?"

யோகராணி தலையாட்டினாள்.

"மிஸ்டர் விக்னராஜா, தலைமையாசிரியைக்கு ஒரு வரி எழுதியிருந்தால் போதும். குடும்ப வழக்கம் என்று லீவு கொடுத்திருப்பார். வகுப்புப் பிள்ளை ஒருத்தியிடம் பாடங்களையும் கொடுத்தனுப்பியிருப்பார். ஒரு வரி."

ஒரு வரி. மூன்று நிறப் பேனாவில் ஆறு கொப்பி எழுதியவர் அந்த ஒரு வரியை எழுதவில்லை.

பாமா நிமிர்ந்தாள். ஆங்கிலத்தை விட்டுத் தமிழில் கேட்டாள், மிஸ் ஹார்கிரீவுக்கு விளங்காமலிருக்க.

"அப்பா, ஊரிலை எண்டா கார்ட் அடிச்சுக் குடுத்திருப்பியள். பெரியப்பாவின்ரை மாலினி அக்காவுக்குச் செய்யேக்கை நீங்கள்தானே பந்தலிலை நிண்டு ஆக்களைக் கூப்பிட்டனீங்கள். இஞ்சை ஏன் சொல்லேல்லை? என்னை நினைக்க உங்களுக்கு வெக்கமோ?"

"இல்லை மோனை."

"அப்ப என்ன?"

விக்னராஜா கொப்பிகளைப் பார்த்தார். இத்தனை நாளும் தான் ஒரு வழக்கத்தை மறைக்கிறோம் என்றுதான் நினைத்திருந்தார். மறைத்தது பிள்ளையை என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது.

மிஸ் ஹார்கிரீவ் எழுந்தார். கொப்பிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மேசையிலேயே வைத்தார்.

"இவற்றை நான் கொண்டுபோகமுடியாது. வீட்டுப் படிப்புக்கு அனுமதி இல்லை என்று எழுதுவேன். என்ன நடந்தது என்றும் எழுதுவேன், நீங்களாகவே சொன்னீர்கள் என்றும் எழுதுவேன். இரண்டும் உங்கள் கோப்பில் போகும். அதை நான் மாற்றமுடியாது. சத்தியபாமா நாளைக் காலை பள்ளியில் இருக்கவேண்டும். நீங்களும் போகவேண்டும். அலுவலகத்தில் காரணத்தை உங்கள் வாயால் சொல்லவேண்டும், கடிதம் வேண்டாம்."

"நாளைக்கோ!" என்றாள் யோகராணி, அதை மட்டும் பிடித்துக்கொண்டு. "ஞாயிற்றுக்கிழமை தண்ணி வாக்க முந்தியோ? மூண்டு நாள் பொறுக்கேலாதோ எண்டு கேளுங்கோவன்."

"பொறுக்கமாட்டினம்," என்றார் விக்னராஜா. மிஸ் ஹார்கிரீவிடம் அவர் கேட்கவே இல்லை. இன்னொரு தடவை அந்த முகத்தைப் பார்த்து ஒன்றைக் கேட்க அவருக்கு வாயில்லை.

கோர்ட் என்று ஒன்றும் வரவில்லை. இலாகாவின் கடிதம் மூன்று வாரம் கழித்து வந்தது. இவ்வருட நியமனத்துக்குப் பரிந்துரைக்க இயலவில்லை. அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பிக்கலாம். அப்போது இந்த விடயம் குறித்து எழுத்தில் விளக்கம் இணைக்கவேண்டும். அவ்வளவுதான். ஆனால் அது பிறகு வந்தது. அந்த வியாழக்கிழமையே விக்னராஜாவுக்கு அது தெரியும். மிஸ் ஹார்கிரீவ் வாசல் படலையைச் சாத்திவிட்டுப் போகும்போதே ஒரு வகுப்பறைக் கதவும் சாத்திக்கொண்டதை அவர் பார்த்தார்.

---

 வெள்ளிக்கிழமை காலை யோகராணி மகளுக்குத் தலை பின்னினாள், சீருடையை அழுத்திக் கொடுத்தாள், கண்ணூறு படாமல் கன்னத்தில் ஒரு கறுப்புப் பொட்டு வைத்தாள். தெருமுனையில் பாமா அதைக் கைக்குட்டையால் துடைத்தாள். விக்னராஜா பார்த்தும் பார்க்காததுபோல் நடந்தார்.

நடக்க நடக்க அவர் ஆங்கிலத்தில் மூன்று வசனங்களை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு மின்கம்பத்தடியிலும் ஒரு தடவை.

"அப்பா, நான் மிஸ்ஸுக்குச் சொன்னது பிழையோ?" என்றாள் பாமா திடீரென்று.

"ஓம்."

"நீங்கள் சொல்லச் சொல்லேல்லை. நானாத்தான் சொன்னனான்."

"நான் சொல்லாமலே சொல்ல வைச்சனான்," என்றார். 

பள்ளி அலுவலகத்தில் ஒரு நீண்ட கவுண்டர். பின்னால் இளம் எழுத்தர் பெண் ஒருத்தி டைப் அடித்துக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் இரண்டு மாணவிகள் எதற்கோ காத்து நின்றார்கள். பாமாவின் வகுப்புப் போலிருக்கிறது. அவளைக் கண்டதும் கையசைத்தார்கள்.

எழுத்தர் ஒரு படிவத்தை எடுத்தாள். பெயர், வகுப்பு, வராத நாட்கள் எல்லாம் நிரப்பினாள். கடைசிக் கட்டத்தில் பேனா நின்றது.

"காரணம்? பாவம், சுகமில்லாமல் இருந்தாளா? அப்படியே போட்டுவிடட்டுமா?"

அன்பாகத்தான் கேட்டாள். ஆம் என்று ஒரு தலையாட்டல் போதும். பக்கத்தில் நின்ற பாமா அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. கவுண்டரின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லை," என்றார் விக்னராஜா. "சுகமாகத்தான் இருந்தாள்."

பேனா இன்னும் காத்திருந்தது.

"என் மகள் பருவமடைந்தாள். எங்கள் வழக்கப்படி வீட்டில் வைத்திருந்தோம். உங்களுக்கு அறிவிக்காமல் விட்டதும், பிறகு பொய் சொன்னதும் என் குற்றம்."

மூன்று வசனமும் பிசகாமல் வந்தன. ஆனால் சத்தம்தான் பிசகிவிட்டது. பதினான்கு வருடம் வகுப்பின் கடைசி வாங்குவரை கேட்கவேண்டுமென்று பழகிய குரல் அது. நடுக்கத்தை அடக்கப்போய் அந்தக் குரல் வெளியே வந்துவிட்டது. உள்ளறையில் டைப் ரைட்டர் ஒன்று நின்றது. காத்து நின்ற இரண்டு மாணவிகளும் திரும்பிப் பார்த்தார்கள்.

பாமாவின் முகம் சிவந்து, காதுமடல்வரை சிவந்தது. தகப்பனின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஐயோ அப்பா! மெல்லமாக் கதையுங்கோ! எல்லாருக்கும் கேட்டுட்டுது!"

"ஸொரி, மோனை," என்றார் அவர், இன்னும் உரக்க.

எழுத்தர் பெண் உதட்டை அழுத்திக்கொண்டு, கட்டத்தில் எதையோ எழுதினாள். என்ன எழுதினாள் என்று விக்னராஜா எட்டிப் பார்க்கவில்லை. படிவத்தைத் திருப்பி நீட்டி, கீழே கையெழுத்துப் போடச் சொன்னாள். போட்டார். 

மணி அடித்தது. பாமா பையைத் தூக்கிக்கொண்டு அந்த இரண்டு பேரோடும் நடைக்கூடத்தில் போனாள். ஒருத்தி அவள் காதுக்குள் ஏதோ கேட்டாள். மற்றவள் பக்கத்தில் ஒட்டிக்கொண்டாள். பாமா ஏதோ சொன்னாள். திரும்பிப் பார்ப்பாளா என்று விக்னராஜா கவுண்டரடியில் நின்று பார்த்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று பேரும் மூலை திரும்பினார்கள்.

அவர் வெளியே வந்து ஸ்டேஷனை நோக்கி வேகமாக நடந்தார். தொழிற்சாலைக்கு ஏற்கெனவே ஒரு மணி நேரம் பிந்திவிட்டது. அங்கேயும் காரணம் கேட்பார்கள்.